இடிந்த கோயில் அல்ல, இடித்த கோயில்



கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் முழுப் பாடவேளையும் உட்கார்ந்திருந்தவர்கள்தானே நீங்கள். இதற்கும் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் லைப்சிக் நகரத்துப் படங்களைப் போட்டிருந்தார். அதில் ஒன்று, அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பாலினும் என்ற புதுக் கட்டடம். கீழே ஒரு வரி: "இங்கே இருந்த பழைய சர்ச் இரண்டாம் உலகப் போரில் இடிந்து போனது." நிறையப் பேர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள். ஒருவர்கூட "அப்படியா?" என்று கேட்கவில்லை. தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. எங்கோ கேட்டதை நல்ல மனதோடு எழுதியிருக்கிறார். என் கோபமெல்லாம் அந்த ஒரு வினைச்சொல்லின் மேல்.

இலக்கணம் நினைவிருக்கிறதா? சுவர் இடிந்தது, இது தன்வினை. சுவரை இடித்தான், இது பிறவினை. ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறினால் குற்றவாளி வெளியே வந்துவிடுகிறான். வல்லெழுத்தை மெல்லெழுத்தாக்கினால் அவன் தப்பிவிடுகிறான். லைப்சிக் பல்கலைக்கழக ஆலயம் போரில் இடியவில்லை. போர் முடிந்து 23 ஆண்டுகள் ஆன பிறகு, அமைதிக் காலத்தில், 1968 மே 30ஆம் தேதி காலை 10 மணிக்கு, வெடிமருந்து வைத்து இடித்தார்கள். குழுக் கூட்டி, தீர்மானம் போட்டு, கை தூக்கி இடித்தார்கள். கை தூக்கியவர்களில் பேராசிரியர்களும் உண்டு. இந்தப் பதிவை எழுதச் சொல்லி என்னை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான்.

"ஐயா, தமிழ் வாத்தியாருக்கு ஜெர்மன்காரன் கோயிலில் என்ன வேலை?" என்று சிலர் கேட்பீர்கள். அந்த ஊருக்கும் நமக்கும் உள்ள உறவைப் பிறகு சொல்கிறேன். முதலில் கதையைக் கேளுங்கள்.

அந்தக் கோயில் 1240இல் அபிஷேகம் பெற்றது. டொமினிக்கன் துறவியரின் மடத்துக் கோயில், தூய பவுல் பெயரால் விளங்கியது. பல்கலைக்கழகம் அதற்குப் பிறகுதான் வந்தது. பிராக் நகரப் பல்கலைக்கழகத்தில் மன்னன் வாக்குரிமையை மாற்றியதை ஏற்காமல் வெளியேறிய ஜெர்மன் ஆசிரியர்களும் மாணவர்களும் 1409இல் லைப்சிக்கில் தொடங்கியது அது. அதிகாரத்துக்கு முன்னால் "முடியாது" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டியவர்கள் தொடங்கிய பல்கலைக்கழகம். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாவமன்னிப்புச் சீட்டு விற்றாரே டெட்செல், அவர் டொமினிக்கன் துறவி. அவருடைய விற்பனையை எதிர்த்துத்தான் மார்ட்டின் லூத்தர் 1517இல் தம் 95 கருத்துகளை எழுதினார். டெட்செல் 1519இல் லைப்சிக்கில் இறந்தார். அடக்கம் செய்தது இந்தக் கோயிலில். 1539இல் சீர்திருத்தம் அந்த ஊருக்கு வந்தது. மடம் கலைந்தது. ரெக்டராக இருந்த காஸ்பர் போர்னர் கேட்டுக்கொண்டதால், மோரிட்ஸ் என்ற இளவரசர் 1543இல் மடத்துக் கட்டடங்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். கலைந்த மடங்களின் நூல்களைச் சேர்த்து அங்கேயே நூலகமும் அமைத்தார்கள். 1545 ஆகஸ்டு 12ஆம் தேதி லூத்தரே நேரில் வந்து பிரசங்கம் செய்து, அதைப் பல்கலைக்கழகத்தின் ஆலயமாகப் பிரதிஷ்டை செய்தார். டெட்செலைப் புதைத்த அதே கோயிலில், 26 ஆண்டுகள் கழித்து, லூத்தர். வரலாறு இப்படித்தான் ஒரே கூரையின் கீழ் எதிரிகளை உட்கார வைக்கும்.

அன்று முதல் அங்கே கூடியது ஊர்ச் சபை அல்ல. ஊர்ச் சபைக்குத் தெரு உண்டு, எல்லை உண்டு, தலைமுறை தலைமுறையாக ஒரே இருக்கையில் உட்காரும் குடும்பங்கள் உண்டு. பல்கலைக்கழகச் சபைக்கு அது எதுவும் கிடையாது. ஆசிரியர் வருவார், ஓய்வு பெறுவார். மாணவர் வருவார், பட்டம் வாங்கிக்கொண்டு போவார். அந்தக் கூரையின் கீழ் வேதமும் படித்தார்கள், பட்டமளிப்பும் நடத்தினார்கள், இறந்த பேராசிரியர்களுக்கு அஞ்சலியும் செலுத்தினார்கள். ஆலயமும் அதுவே, பேரவை மண்டபமும் அதுவே. முதல் நாளிலிருந்தே இரண்டும் ஒன்றுதான்.

தொடக்கத்தில் பெருநாள்களில் மட்டும் ஆராதனை. 1710 முதல் ஞாயிறுதோறும் வழக்கமான ஆராதனை. 1723இல் யோகான் செபஸ்தியான் பாக் லைப்சிக்குக்கு வந்தார். தூய தோமா பள்ளியின் இசை ஆசிரியர் வேலை. பல்கலைக்கழக ஆலயத்தின் இசைப் பொறுப்பு முழுவதும் தனக்கே வரவேண்டும் என்று எதிர்பார்த்தார். பல்கலைக்கழகம் ஞாயிறு ஆராதனைகளைக் கெர்னர் என்பவரிடம் கொடுத்துவிட்டு, பழைய பெருநாள் ஆராதனைகளை மட்டும் இவருக்கு விட்டது. பாக் சும்மா இருக்கவில்லை. 1725இல் மூன்று முறை ஆட்சியாளருக்கே மனுப் போட்டார். முழு வெற்றி கிடைக்கவில்லை. உலகம் கும்பிடுகிற இசைமேதைக்கும் சம்பளப் பாக்கிச் சண்டை இருந்திருக்கிறது பாருங்கள். ஓய்வூதியத்துக்கு அலைந்த என் நண்பர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

1727 அக்டோபர் 17. அரசி கிறிஸ்தியானே எபர்ஹார்டினே இறந்ததற்கு அந்த ஆலயத்தில் அஞ்சலி. கணவர் போலந்து மன்னராவதற்காகக் கத்தோலிக்கரானபோது, தான் லுத்தரன் சமயத்திலேயே இருப்பேன் என்று நின்ற பெண்மணி. அந்த அஞ்சலிக்கு முயற்சி எடுத்தது ஒரு மாணவர். பாடல் எழுதியது கோட்ஷெட். இசை பாக். கெர்னரை விட்டுவிட்டு பாக்கிடம் போனதற்காகப் பல்கலைக்கழகம் சண்டைக்கு வந்தது, இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னது. பாக் போடவில்லை. 1729இல் ரெக்டர் எர்னெஸ்தியின் இறுதிச் சடங்குக்கு பாக் எழுதிய பாடலும் அங்கேதான் ஒலித்தது. 1847 நவம்பரில் இசைமேதை மெண்டல்சோனின் இறுதி ஆராதனையும் அங்கேதான்.

இனி போருக்கு வருவோம். 1943 டிசம்பர் 4ஆம் தேதி விமானத் தாக்குதலில் லைப்சிக்கின் நடுப்பகுதி எரிந்தது. ஆலயத்தை ஒட்டியிருந்த அகுஸ்தேயும் என்ற பல்கலைக்கழகக் கட்டடம் பெரிதும் சிதைந்தது. ஆலயம் நின்றது, பெரிய சேதமில்லாமல் நின்றது. "போரில் இடிந்தது" என்ற கதை பக்கத்துக் கட்டடத்தின் கதையை இதன் தலையில் கட்டுவது.

நின்றது மட்டுமல்ல, இடமும் கொடுத்தது. அந்த ஊர்க் கத்தோலிக்கரின் ஆலயம் குண்டு விழுந்து அழிந்துபோனது. போருக்குப் பின் அவர்களும் இந்த ஆலயத்தில்தான் திருப்பலி நடத்தினார்கள். டொமினிக்கன் துறவியர் கட்டிய கோயில், லுத்தரன் பல்கலைக்கழகத்தார் கையில் இருந்து, மறுபடி கத்தோலிக்கருக்குத் தாழ்வாரம் ஆனது. சமய நல்லிணக்கத்துக்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

ஆனால் கிழக்கு ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்த கட்சிக்கு வேறு பாடத்திட்டம். 1953இல் பல்கலைக்கழகத்துக்குக் கார்ல் மார்க்ஸ் பெயர் வைத்தார்கள். 1957இல் மாணவர் சபையின் போதகர் சீக்ஃபிரீட் ஷ்முட்ஸ்லரைக் கைது செய்து, அரசுக்கு எதிராகத் தூண்டினார் என்று ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். 1961இல்தான் வெளியே வந்தார். முதலில் மேய்ப்பரை அடித்தார்கள். பதினோரு ஆண்டுகள் கழித்துத் தொழுவத்தை இடித்தார்கள்.

அந்த மே மாதத்தை நாள் கணக்கில் சொல்கிறேன். மனக்கணக்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

1968 ஏப்ரலில் அந்த நாட்டுக்குப் புது அரசியல் சட்டம் வந்தது. சமய உரிமை அதிலும் எழுதப்பட்டிருந்தது. மை காய்ந்து ஏழு வாரம்தான் ஆகியிருக்கும்.

மே 16. பல்கலைக்கழகப் பேரவை கூடியது. புதிய வளாகத் திட்டத்தை ஏற்றது. அந்தத் திட்டத்தில் ஆலயத்துக்கு இடமில்லை. எதிர்த்து நின்றவர் இறையியல் துறைத் தலைவர் ஒருவர்தான்.

மே 23. நகர மன்றம் கூடியது. அங்கேயும் எதிர்த்து விழுந்த வாக்கு ஒன்றே ஒன்று. அன்று பரமேறுதல் திருநாள். ஆலயத்தில் கடைசி ஆராதனைகள் அன்றுதான் நடந்தன. பிறகு வளைத்து அடைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் எடுக்க முடிந்த பலிபீடம், பிரசங்க பீடம், நினைவுப் பலகைகள் சிலவற்றை அவசர அவசரமாக எடுத்தார்கள். சதுக்கத்தில் கூடி நின்றவர்களில் பலரைப் பிடித்துப் போனார்கள்.

மே 30. 728 ஆண்டுகள் நின்ற கோயில் சில நொடிகளில் புழுதியானது. இடிபாடுகளை ஒரு மணல் குழியில் கொட்டினார்கள்.

இப்போது இதை நியாயப்படுத்துகிறவர்களிடம் வருகிறேன். நம் ஊரிலும் இருக்கிறார்கள், அங்கேயும் இருக்கிறார்கள். மூன்று சாக்குகளைச் சொல்வார்கள்.

முதல் சாக்கு: "பல்கலைக்கழகம் வளரவேண்டாமா? இடம் வேண்டாமா?" வளரட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? போரில் அழிந்த நகரத்தில் காலி இடத்துக்கா பஞ்சம்? நல்ல நிலையில் நின்ற கட்டடம் அது. தானாக விழப்போகிற கட்டடத்துக்கு வெடிமருந்து எதற்கு? அந்தச் சதுக்கத்தில் கோபுரத்தின் நிழல் விழுவதுதான் அவர்களுக்குச் சிக்கல். பிறகு அங்கே எழுப்பிய கட்டடத்தின் முகப்பில், ஏறக்குறைய ஆலயம் நின்ற இடத்திலேயே, மார்க்ஸ் தலையோடு 33 டன் வெண்கலச் சிற்பம் ஒன்றை மாட்டினார்கள். இடம் போதவில்லை என்றவர்களுக்கு 33 டன்னுக்கு இடம் கிடைத்துவிட்டது.

இரண்டாவது சாக்கு: "மதச்சார்பற்ற பல்கலைக்கழகத்துக்குக் கோயில் எதற்கு?" மதச்சார்பின்மை என்றால் யாரையும் கோயிலுக்குப் போகச் சொல்லி அதிகாரி கட்டாயப்படுத்தக் கூடாது. போகிறவனை அதிகாரி தடுக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்ததுதான் அது. ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபாதியை வெடி வைத்துத் தகர்ப்பவன் மதச்சார்பற்றவன் அல்லன். தன் கட்சியையே மதமாக்கிக்கொண்டவன்.

இந்தச் சாக்குக்கு வாயால் பதில் சொல்வதைவிட நல்ல பதில் 1968 ஜூன் 20ஆம் தேதி கிடைத்தது. லைப்சிக் காங்கிரஸ் மண்டபத்தில் சர்வதேச பாக் இசைப் போட்டியின் நிறைவு விழா. உள்நாட்டு, வெளிநாட்டு விருந்தினர் நிறைந்த அவை. மேடைக்கு மேலே திடீரென்று ஒரு துணிப்பதாகை விரிந்தது. அதில் அந்த ஆலயத்தின் கோட்டுப்படம், 1240, 1968 என்று இரண்டு ஆண்டுகள், மீண்டும் கட்ட வேண்டும் என்ற கோரிக்கை. ஓர் அலாரம் கடிகாரத்தை வைத்து, தானாக விரியும்படி பொறியமைத்திருந்தார்கள். செய்தது யார்? போதகர்களா? இறையியல் மாணவர்களா? இல்லை. இளம் இயற்பியலாளர்கள். ரூடால்ஃப் ட்ராய்மன் படம் வரைந்தார். ஸ்டெஃபான் வெல்ஸ்க், டீட்ரிக் கோக், ஹரால்ட் ஃப்ரிட்ஷ் ஆகியோர் அந்த வட்டத்தில் இருந்தவர்கள். பரிசு வழங்கும் மேடையில் பாக்கைப் புகழ்ந்துகொண்டே, பாக் வாசித்த கோயிலை மூன்று வாரத்துக்கு முன்தான் தகர்த்திருந்தார்கள். அந்தப் பொய்யை ஒரு கடிகாரமும் ஒரு துணியும் அம்பலப்படுத்தின.

வெல்ஸ்க்கும் ஃப்ரிட்ஷும் அடுத்த மாதம் பல்கேரியா போய், மடக்குப் படகில் கருங்கடலைக் கடந்து துருக்கிக்குத் தப்பினார்கள். கோக் பின்னர் கைதாகிச் சிறை சென்றார். தப்பிய ஃப்ரிட்ஷ் யார் தெரியுமா? அணுக்கருவுக்குள் குவார்க்குகளைப் பிணைக்கும் விசையைப் பற்றிய கோட்பாட்டை கெல்மானோடு சேர்ந்து உருவாக்கியவர்களில் ஒருவர். இயற்பியல் படித்த என் மாணவர்களே, உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் ஆள். அறிவியல் படித்தவனுக்குக் கோயிலைப் பற்றி என்ன கவலை என்று இனி யாராவது கேட்டால் அந்த மடக்குப் படகைச் சொல்லுங்கள்.

மூன்றாவது சாக்கு கொஞ்சம் வலுவானது. "அந்தக் கோயிலே டொமினிக்கன் துறவியரிடமிருந்து பறித்ததுதானே? பறித்தவர்கள் பறிகொடுத்ததற்கு ஏன் அழவேண்டும்?" உண்மைதான். 1539இல் துறவியர் மனமுவந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. இளவரசரின் அதிகாரம்தான் மடத்தைக் கலைத்தது. அதை மறைக்க நான் இங்கே வரவில்லை. ஆனால் போர்னரும் அவர் காலத்தவரும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கோயிலை வைத்துக்கொண்டார்கள். நூல்களைச் சேர்த்து வைத்தார்கள். முன்னால் இருந்தவர்களின் தடத்தின் மேல் தங்கள் தடத்தைப் பதித்தார்கள். கைமாறியது, பயன் மாறியது, நினைவு தொடர்ந்தது. அதனால்தான் 400 ஆண்டுகள் கழித்துக் கத்தோலிக்கருக்குத் திரும்பிவர ஒரு கூரை இருந்தது. இடித்துவிட்டால் திரும்பி வருவதற்கு எதுவும் மிஞ்சாது. ஒரு வீட்டில் குடியிருப்பவர் மாறுவதும் வீட்டைக் கொளுத்துவதும் ஒன்றா?

சரி, உல்ப்ரிக்ட் என்ற ஒரு தலைவன் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடலாமே? அவன் லைப்சிக்கிலேயே பிறந்தவன். கட்சி அவன் கையில். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், வசதியாக இருக்கிறது. நான் போகமாட்டேன். என் கேள்வி மே 16ஆம் தேதி அந்தப் பேரவையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றியது. பிராக்கில் மன்னனுக்குப் பணியாமல் நடந்து வந்தவர்கள் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. பின்வழித் தோன்றல்கள் நாற்காலியைவிட்டு எழுந்துகூட நிற்கவில்லை. ஒரே ஒருவர் மறுத்தார். அந்த ஒருவருக்கு என் வணக்கம். மற்றவர்களுக்குப் பயம் இருந்திருக்கும், பிள்ளைகுட்டி இருந்திருக்கும். பயப்பட்டவனைக் கல்லால் அடிக்கிற ஆள் நானில்லை. ஆனால் பயந்தேன் என்பது ஒன்று, வளாக வளர்ச்சிக்காக ஆதரித்தேன் என்பது வேறு. பயத்துக்குக் கொள்கை வேஷம் போடுவதுதான் படித்தவன் செய்கிற துரோகம்.

அந்த ஊரிலேயே வேறு மாதிரி ஆளும் இருந்தார். 1936இல், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக மெண்டல்சோனின் சிலையை நாஜிகள் அகற்றினார்கள். மேயர் கார்ல் கெர்டெலர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துச் செய்தார்கள். திரும்பி வந்தவர் சிலையை மீண்டும் வைக்கச் சொன்னார். நடக்கவில்லை. பதவியைத் தூக்கி எறிந்தார். பிற்பாடு ஹிட்லருக்கு எதிரான முயற்சியில் சேர்ந்து 1945இல் தூக்கு மேடையில் உயிர்விட்டார். ஒரு சிலைக்காக நாற்காலியை விட்ட மேயர் இருந்த நகரத்தில், 32 ஆண்டுகள் கழித்து, ஒரு கோயிலுக்காக கையைத் தாழ்த்தி வைத்துக்கொள்ள அவைக்கு ஒருவருக்கு மேல் ஆள் கிடைக்கவில்லை.

எல்லை இல்லாத சபை என்று முன்னே சொன்னேனே, அதன் பலவீனம் இதுதான். ஊர்ச் சபையின் கோயிலில் கைவைத்தால் நாலு தெருவும் திரளும். பல்கலைக்கழகச் சபைக்குத் தெருவே இல்லை. அதைக் காக்க வேண்டியவர்கள் கற்றறிந்தவர்கள். அவர்கள் கையைத் தூக்கிவிட்டால் முடிந்தது கதை.

ஆனால் கதை முடியவில்லை. கட்டடம் போனபின் சபை என்ன ஆனது? கலைந்துவிடும் என்றுதான் இடித்தவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். அவர்கள் நடந்தே போகக்கூடிய தூரத்தில் தூய நிக்கோலாய் ஆலயம் இருந்தது. பல்கலைக்கழக ஆராதனை அங்கே போனது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அங்கேயே விருந்தாளியாக நடந்தது. அதே நிக்கோலாய் ஆலயத்தில்தான் 1980களில் திங்கட்கிழமைதோறும் சமாதான ஜெபம் நடந்தது. 1989 அக்டோபர் 9ஆம் தேதி அந்த ஜெபத்துக்குப் பிறகு சுமார் 70,000 பேர் கையில் கல்லில்லாமல், மெழுகுவர்த்தியோடு நகரத்தைச் சுற்றி நடந்தார்கள். துப்பாக்கி சுடவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. ஒரு கோயிலை 1968இல் நொடியில் வீழ்த்திய ஆட்சியால், இன்னொரு கோயிலிலிருந்து வெளியே வந்த கூட்டத்தை 1989இல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு? சுதந்திரம் வந்தது, எல்லாம் சரியாகியிருக்க வேண்டுமே? இங்கேதான் எனக்கு இரண்டாவது கோபம்.

மீண்டும் கட்டுங்கள் என்று 1992இல் ஒரு சங்கம் தொடங்கியது. 1999இல் மருத்துவ நோபல் பெற்ற குந்தர் புளோபெல் அதற்குக் குரல் கொடுத்தார். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குள்ளிருந்து. 2003இல் சாக்ஸனி மாநில அரசு ஆலயத்தை மீண்டும் கட்டுவதை ஆதரித்தபோது, ரெக்டரும் துணை ரெக்டர்களும் பதவி விலகினார்கள். பல்கலைக்கழகத்தின் காரியத்தில் அரசு தலையிடக் கூடாது என்பதில் நியாயம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ரோஷம் 1968 மே 16 அன்று எங்கே போயிருந்தது? ஆட்கள் வேறு என்பீர்கள். ஆமாம், ஆட்கள் வேறு. நாற்காலி அதேதான். நாற்காலியில் உட்காருகிறவன் அதன் கடனையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறான்.

கடைசியில் ஒரு சமரசம். நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் எரிக் வான் எகெராட் வரைந்தது. பல்கலைக்கழகத்தின் 600ஆம் ஆண்டான 2009இல் முடியவேண்டிய வேலை 2017 டிசம்பரில்தான் முடிந்தது. பழைய கோயிலின் சாயலில் முகப்பு. உள்ளே கோதிக் வளைவுகள், சில தூண்கள் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். காப்பாற்றிய பலிபீடமும் நினைவுப் பலகைகளும் ஒரு பக்கம். பேரவை மண்டபம் மறுபக்கம். நடுவே கண்ணாடிச் சுவர். பழைய கலைப்பொருள்களுக்கு ஈரப்பதமும் வெப்பமும் சீராக இருக்கவேண்டும், அதற்காகத்தான் சுவர் என்றார்கள். 1738இல் செய்த பிரசங்க பீடத்தை வெடி வைக்குமுன் காப்பாற்றினார்களே, திறப்பு விழா நாளில் அதற்கு அங்கே இடமில்லை. பெயரிலும் இழுபறி நடந்து, பேரவை மண்டபம், பல்கலைக்கழக ஆலயம் என்ற இரண்டையும் ஒட்டிவைத்தார்கள்.

இரட்டைப் பெயர் சரி. 1545இல் தொடங்கிய நாளிலிருந்தே அது இரண்டும்தான். ஆலயம் மட்டும்தான் என்பவர்களும் தவறு, மண்டபம் மட்டும்தான் என்பவர்களும் தவறு. ஆனால் நடுவே சுவர் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டம் கொடுக்கும் மேடையும் மனசாட்சியைக் கேட்கும் பீடமும் ஒரே அறையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருந்ததுதான் அந்த இடத்தின் சிறப்பு. வெடியால் செய்ததைக் கண்ணாடியால் மென்மையாகச் செய்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் பாராட்டவேண்டும். அந்த 33 டன் மார்க்ஸ் சிற்பத்தை 2006இல் இறக்கினார்கள். உடைத்து உருக்கவில்லை. வேறொரு வளாகத்தில் 2008இல் நிறுத்தி, பக்கத்தில் விளக்கப் பலகையும் வைத்தார்கள். பிடிக்காத நினைவை எப்படி நடத்தவேண்டும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. மார்க்ஸுக்குக் கிடைத்த மரியாதை தூய பவுலுக்குக் கிடைத்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

இப்போது நமக்கு என்ன உறவு என்று சொல்கிறேன். டிரெஸ்டனில் 1836இல் தொடங்கிய லுத்தரன் மிஷன், கார்ல் கிரௌல் தலைமையில் 1848இல் லைப்சிக்குக்கு மாறியது. ஏன் மாறியது? இங்கே வரப்போகிற போதகர்கள் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வரவேண்டும் என்பதற்காக. அந்தக் கிரௌல் 1849இலிருந்து 1853 வரை இந்தியாவில் இருந்தார். தமிழ் கற்றார். திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1856இல் வெளியிட்டார். தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1706இல் தொடங்கிய பணியை லைப்சிக் மிஷன் ஏற்று நடத்தியது. அதிலிருந்துதான் 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. தஞ்சை, திருச்சி, கடலூர்ப் பக்கத்து உறவுகளில் எத்தனை பேர் அந்தச் சபையின் பள்ளிகளில் எந்தச் சாதி, எந்த மதம் என்றில்லாமல் எழுத்துப் படித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வள்ளுவரை ஜெர்மன் வாசகனிடம் கொண்டுபோன மனிதர் தேடிப்போன பல்கலைக்கழகத்தின் ஆலயத்தைப் பற்றி ஒரு தமிழ் வாத்தியார் பேசாமல் யார் பேசுவது?

லைப்சிக் பக்கம் இருக்கும் பிள்ளைகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆராதனைக்குப் போய் உட்காருங்கள். நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் போங்கள். யாராவது கேட்டால் மூன்று தேதி சொல்லுங்கள். 1545 ஆகஸ்டு 12, பிரதிஷ்டை செய்தார்கள். 1968 மே 30, இடித்தார்கள். 2017 டிசம்பர், திறந்தார்கள். மூன்றும் பிறவினையாகவே இருக்கட்டும்.

இங்கே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இன்று தலைமையாசிரியர்கள், அறங்காவலர்கள், சங்கச் செயலாளர்கள், கல்லூரிக் குழு உறுப்பினர்கள். பழைய கட்டடம், பழைய குளம், பழைய நூலகம் பற்றிய தீர்மானம் ஒருநாள் உங்கள் மேஜைக்கும் வரும். "எல்லாரும் சம்மதம்தானே?" என்று தலைவர் வேகமாகக் கேட்பார். கை தானாக உயராது, நாம்தான் தூக்குகிறோம். அப்போது அந்தப் பேரவையில் தனியாக மறுத்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வரலாறு எழுதும்போது "இடிந்தது" வேண்டாம். "இடிக்கப்பட்டது" என்று செயப்பாட்டுவினையில் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். எழுவாயை எழுதுங்கள். யார் செய்தது என்று கேட்டால் பதில் வாக்கியத்திலேயே இருக்கவேண்டும்.

எல்லாரும் நலமாக இருங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் முதலில் அதைத் திருத்துவேன், அது பழக்கதோஷம்.

உங்கள்
தமிழ் ஐயா